பாப்பா, இங்கே பார்க்காதே

(வட சென்னை டோல்கேட்டில் பெற்றோர்கள், ஆசிரியர்கள், ஸ்டுடியோக்காரர்கள் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சின்னக் குழந்தைகளை இயல்பாகப் படம் எடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இப்படி ஒரு தலைப்பு வைத்தால், பாதிப் பேர் எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டுப் போகத்தான் வந்திருப்பீர்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போன் போதும். நடமாடுகிற குழந்தை கலங்காமல் விழ ஷட்டர் வேகம் நொடியில் 250இல் ஒரு பங்காவது வேண்டும். ஓடுகிற பிள்ளைக்கு 500இல் ஒரு பங்கு. போனில் அதை நாம் திருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெளிச்சம் நிறைய இருந்தால் அதுவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். ராத்திரி டியூப்லைட்டில் எடுத்த படத்தில் பிள்ளையின் கை புகையாக ஓடியிருந்தால் போனைத் திட்டாதீர்கள், பகலில் வாசலுக்குக் கூட்டிவந்து எடுங்கள். அப்புறம், உட்கார்ந்து எடுங்கள். நின்றபடி எடுத்தால் தலை பெருத்துக் கால் சிறுத்து, அண்ணாந்து கெஞ்சுகிற ஒரு பிள்ளைதான் கிடைக்கும். லென்ஸ் அதன் கண் உயரத்துக்கு இறங்க வேண்டும். லுங்கி அழுக்காகும். ஆகட்டும்.

வாசல் என்றேன். வட சென்னைக்காரருக்கு ஸ்டுடியோ வாடகை தேவையில்லை என்பது என் கட்சி. நம்முடைய வீடுகளில் குழந்தைகள் பாதி நேரம் வாசற்படியில்தான் இருக்கிறார்கள். தலைக்கு மேலே கூரை நீட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் நேர்வெயில் விழாது. எதிர்வீட்டுச் சுவரிலும் சிமெண்டுத் தரையிலும் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் முகத்தில் மெத்தென்று விழும். பின்னால் இருட்டான அறை, ஆகவே பீரோவும் கயிற்றில் தொங்கும் துணியும் படத்தில் மறைந்துபோகும். காசு செலவழித்து ஸ்டுடியோவில் அமைக்கிற விளக்கு ஏற்பாடு இதைத்தான் போலி செய்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: எதிர்ச்சுவர் கிளிப்பச்சையாக இருந்தால் கன்னமும் கிளிப்பச்சையாகும்.

நமக்குக் கிழக்கே கடல். காலையில் கடலை நோக்கிப் போகிற குறுக்குத் தெருக்களில் வெயில் தரையோடு படுத்து நுழையும். வடக்கு தெற்காக ஓடுகிற தெருக்களில் அந்நேரம் நிழல். 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்தபிறகு ஹைரோடு நெடுக தலைக்கு மேல் பாலம், கீழே உச்சிவெயிலிலும் ஒரு நிழல் பட்டை. குழந்தையை எங்கே நிறுத்தலாம் என்று யோசிப்பதைவிட, அது எப்போதும் விளையாடுகிற இடத்துக்கு எந்த நேரத்தில் நல்ல வெளிச்சம் வரும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பொன்வெயில் வேண்டும் என்று கன்டெய்னர் லாரி ஓடுகிற எண்ணூர் விரைவுச் சாலையைத் தாண்டி, கடற்கரைக் கல்மேல் பிள்ளையை ஏற்றி நிற்கவைக்கிற அப்பாக்களும் இருக்கிறார்கள். அந்தக் கற்கள் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியவை. பாசி பிடித்தவை. வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் பிள்ளைகளின் தோலைப் பற்றியது. செல்போனில் ‘பியூட்டி’ என்று ஒரு வசதி உண்டு. பல போன்களில் கடையிலிருந்து வரும்போதே அது போட்டிருக்கும். கறுத்த பிள்ளையை மாநிறமாக்கும், மாநிறப் பிள்ளையை மாவாக்கும், கன்னத்து மருவைத் துடைத்துவிடும். இந்த நோய் புதிதல்ல. ஃபிலிம் காலத்தில் கலர் பிரிண்டைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருப்பவர் வெள்ளைத் தோல் பெண். அவளுடைய நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. ‘ஷெர்லி கார்டு’ என்று அதற்குப் பெயர். அந்தக் கணக்கில் கறுத்த முகங்கள் வெறும் நிழலாகவே விழுந்தன. இன்றைய போன்களும் வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கிற கறுத்த பிள்ளையைக் கண்டால் சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், பியூட்டியை அணையுங்கள். இதைச் செய்யாமல் இயல்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் கிடையாது.

கருவிச் சமாச்சாரம் இவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய படங்களில் குழந்தைகள் ஏன் விறைத்து நிற்கிறார்கள்? அந்தக் காலத்துப் பிள்ளைகள் அடக்கமானவர்கள் என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். உண்மைக் காரணம் ரசாயனம். ஜூலியா மார்கரெட் கேமரூன் என்ற அம்மையார், கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர், கடைசி நாட்களை இலங்கையில் கழித்து 1879இல் அங்கேயே இறந்தவர். நாற்பத்தெட்டு வயதில்தான் அவர் கைக்கு கேமரா வந்தது. 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியை எடுத்த படத்தைத் தன் முதல் வெற்றி என்று எழுதி வைத்தார். அவருடைய கண்ணாடித் தகட்டில் உருவம் விழ நிமிடக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையை நிமிடக் கணக்கில் உட்கார வைப்பதை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அவர் 1872இல் எடுத்த ஒரு படம் எனக்கு மிகப் பிடிக்கும். ‘நான் காத்திருக்கிறேன்’ என்று பெயர். ஒரு சிறுமிக்குப் பெரிய இறக்கைகளைக் கட்டித் தேவதையாக்கி உட்கார வைத்திருக்கிறார். அவளோ கைகளைக் கட்டி, முகத்தை அதன்மேல் சாய்த்து, ‘எப்போதம்மா விடுவீர்கள்’ என்கிற முகத்தோடு இருக்கிறாள். இறக்கை பொய், வேடம் பொய், அந்தச் சலிப்பு அப்பட்டமான நிஜம். தலைமுதல் கால்வரை ஜோடிக்கப்பட்ட படத்திலும் குழந்தை தன்னைக் காட்டிவிடுகிறது. ஜோடனையே கூடாது என்று சொல்பவர்களுக்கு நான் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

நம்முடைய ஸ்டுடியோ மரபுக்கும் இந்த மரியாதையைக் கொடுக்க வேண்டும். பூ ஜடை தைத்த பெண் குழந்தையைப் பின்னால் கண்ணாடி வைத்து நிறுத்தி முகமும் ஜடையும் ஒரே படத்தில் விழ எடுத்தார்களே, அது யார் கண்டுபிடித்த யுக்தியோ, அபாரம். முதல் மொட்டைக்கு முன்னால் ஆண் குழந்தைக்குப் பாவாடை கட்டிப் பொட்டு வைத்து ஒரு படம். கிருஷ்ணர் வேடத்தில் ஒரு படம். குப்புற விழுந்த பிள்ளை தலையைத் தூக்கிப் பார்க்கிற படம், கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டோடு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடித் திரட்டி, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களைக் காக்கும் திட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்கிறது. வீட்டுப் பரணில் இருக்கும் உங்கள் ஆல்பத்தையும் குப்பைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது காற்று மறுபக்கம் அடிக்கிறது. காதுகுத்துக்கும் முதல் பிறந்தநாளுக்கும் ‘கேண்டிட்’ என்று தனியாக ஒரு பேக்கேஜ், தனியாக ஒரு விலை. ஆனால் அந்த ‘கேண்டிட்’ படங்களையும் அடுக்கி வைத்துப் பாருங்கள். எல்லாப் பிள்ளையும் கேமராவைப் பார்க்காமல் ஒரே பக்கம் பார்த்துச் சிரிக்கிறது. அந்தப் பக்கம் தாய்மாமன் நின்று கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருக்கிறார். ‘இங்கே பார்’ என்பது போய் ‘அங்கே பார்’ என்று மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

பிறந்த பத்துப் பன்னிரண்டு நாள் பச்சைக் குழந்தையை வைத்து எடுக்கிற ‘நியூபார்ன் ஷூட்’ இன்னும் ஒரு படி மேலே. குழந்தை இரண்டு கையையும் தாடைக்குக் கொடுத்துத் தவளைபோல உட்கார்ந்திருக்குமே, அந்தப் படம் உண்மையில் ஒரு படமே இல்லை. ஒருவர் தலையைப் பிடித்திருக்க ஒன்று, மணிக்கட்டைப் பிடித்திருக்க இன்னொன்று என்று இரண்டு எடுத்து, பிடித்த கைகளை அழித்து ஒட்டுவது. கழுத்தே நிற்காத பிள்ளை தன் தலையைத் தானே தாங்காது. இது தெரியாமல் வீட்டில் முயற்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். பச்சைக் குழந்தையின் இயல்பு தூங்குவது, கொட்டாவி விடுவது, பாட்டியின் விரலை இறுக்கிப் பிடிப்பது. அதை எடுங்கள்.

சரி, எது இயல்பு? ஒரு சினிமாக் கதை சொல்கிறேன். சத்யஜித் ராய் 1952இல் ‘பதேர் பாஞ்சாலி’யை எடுக்கத் தொடங்கியபோது முதலில் எடுத்தது, நாணல் பூத்த வெளியில் அக்காவைத் தேடி அப்பு போகிற காட்சி. அப்புவாக நடித்த சுபீர் பானர்ஜி நடிப்புக்குப் புதியவன். தயங்கித் தயங்கி நட என்று ஒரு சின்னப் பையனிடம் சொன்னால் என்ன நடக்கும்? தயக்கம் என்றால் என்ன என்று அவன் யோசிக்க ஆரம்பிப்பான், உடம்பு மரத்துப்போகும். ராய் அவன் நடக்கிற வழியில் சின்னச் சின்னக் குச்சிகளைப் போட்டு வைத்தார். அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். நாணலுக்குள் ஆட்களை ஆங்காங்கே ஒளித்து, ஒருவர் மாற்றி ஒருவர் அவனைக் கூப்பிடச் செய்தார். கூப்பிட்ட பக்கம் அவன் திரும்பினான், குச்சியைப் பார்த்து நின்றான், தாண்டினான். உலகம் முழுக்கப் புகழ்பெற்ற அந்தத் தயக்கம் அப்படி வந்தது.

இதிலே ஏமாற்று இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராய் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார், உணர்ச்சியைக் கொடுக்கவில்லை. நம் வீட்டில் நாம் செய்வது நேர்மாறு. ‘சிரி’ என்கிறோம். சிரிப்பு என்பது ஒரு வேலையின் கூலி, கட்டளை போட்டு வரவழைக்கிற பொருளல்ல. பட்டாணி உரிக்கக் கொடுங்கள். மீன் கழுவுகிற அம்மா பக்கத்தில் உட்கார வையுங்கள், சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றச் சொல்லுங்கள். கேரம் போர்டில் பவுடர் போடுகிற உத்தியோகத்தைக் கொடுங்கள். வேலையில் இறங்கிய குழந்தைக்கு உங்கள் கேமரா கால் மணி நேரத்தில் மறந்துவிடும். அந்தக் கால் மணி நேரம் உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்பதுதான் பரீட்சை. முதல் பத்து நிமிடம் போனைக் கையில் வைத்திருங்கள், எடுக்காதீர்கள்.

இதற்கு எதிர்முனையும் உண்டு. 2006இல் ஜில் கிரீன்பெர்க் என்ற அமெரிக்கப் படக்காரர் சின்னக் குழந்தைகளுக்கு லாலிபாப் கொடுத்து, அதைப் பிடுங்கி, அவர்கள் தேம்பி அழுவதை எடுத்துக் கண்காட்சி வைத்தார். பெரிய சண்டையானது. அந்தக் கண்ணீர் நிஜம், ஒரு சொட்டுகூட நடிப்பில்லை. ஆனாலும் அதை நான் இயல்பான படம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பிள்ளை பயந்து அழுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறோமே, காது குத்தும்போது, மொட்டை அடிக்கும்போது, ஊசி போடும்போது? அதே லாலிபாப்தான். அழுகிற பிள்ளைக்கு முதலில் தேவை ஒரு மடி. போனைப் பிடித்திருக்கிற கை அந்த நேரத்துக்குக் காலியாக இருக்க வேண்டும்.

இனி நம் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகப் பேசுகிறேன். டோல்கேட்டிலோ காலடிப்பேட்டையிலோ கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு சந்துக்குள் நுழைந்து பாருங்கள். ‘அண்ணா, என்ன எடுண்ணா’ என்று பத்துப் பேர் ஓடி வருவார்கள். ஒருவன் காலரைத் தூக்கிவிடுவான், ஒருவன் விஜய் மாதிரி, ஒருவன் ரஜினி மாதிரி, ஒரு பெண் குழந்தை இடுப்பில் கை வைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். வெளியூரிலிருந்து வருகிற படக்காரர்களுக்கு இது எரிச்சல். ‘போஸ் கொடுக்காதே, நீ பாட்டுக்கு விளையாடு’ என்று விரட்டுகிறார்கள். ஏன்? போஸ் கொடுப்பதும் அவர்கள் விளையாட்டுத்தானே. ரஜினியாக நிற்கிற ஐந்து வயதுப் பையன் அந்த நொடியில் எதையும் மறைக்கவில்லை, தான் யாராக இருக்க ஆசைப்படுகிறான் என்று திறந்து காட்டுகிறான்.

வெண்டி எவால்ட் என்ற அமெரிக்க ஆசிரியை கென்டக்கி மலைப்பகுதிக் கிராமப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களை 1985இல் புத்தகமாக்கினார். பின்னால் குஜராத்தில் ஒரு கிராமத்திலும் இதே வேலை செய்தார். சொந்தக் கனவுகளைப் படமாக எடுங்கள் என்றபோது பிள்ளைகள் வேடம் போட்டார்கள், நாடகம் போட்டார்கள். நண்பனைக் கொன்றுவிட்டதாகக் கனவு கண்ட ஒரு பையன், அந்த நண்பனையே செத்தவன்போலக் கிடக்க வைத்து எடுத்தான். கேமரா குழந்தை கையில் இருக்கும்போது அது ஒளிந்திருந்து எடுப்பதில்லை, கதை கட்டுகிறது. இதே வட சென்னையில், வியாசர்பாடியில், எம். பழனிக்குமார் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், தயானிதா சிங் – பாரி விருதை 2022இல் முதலாவதாகப் பெற்றவர், மீன் விற்ற தாயின் மகன். உங்களுக்கும் ஒரு யோசனை சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள் போனைப் பிள்ளை கையில் கொடுத்து உங்களை எடுக்கச் சொல்லுங்கள். அது எந்த உயரத்திலிருந்து நம்மைப் பார்க்கிறது, எதற்காக நம்மை நிற்கச் சொல்லி அதட்டுகிறது என்று தெரியும். அந்த அதட்டல் பெரும்பாலும் உங்களுடையதாகவே இருக்கும்.

வெளியூர்க்காரர்கள் என்றேன். அவர்கள் எடுத்துப்போகிற வட சென்னைப் பிள்ளை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெறுங்கால், கிழிந்த பனியன், பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கி, வானத்தில் கறுப்புப் புகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியபோது இப்படிப் படங்கள் வந்தன. அப்போது வர வேண்டியிருந்தது, நடந்த அநியாயத்துக்கு அவை சாட்சி. ஆனால் சாட்சிப் படம் வேறு, வழக்கமாகிவிட்ட படம் வேறு. செருப்பைக் கழற்றச் சொல்லி எடுக்கிறவர்கள்கூட உண்டு. அந்தப் பிள்ளைக்கு வீட்டில் பள்ளி ஷூ இருக்கிறது, பிறந்தநாள் கவுன் இருக்கிறது, பிடித்த கார்ட்டூன் இருக்கிறது. புகைபோக்கி அதன் முதுகுக்குப் பின்னால் தினமும் இருப்பதால் அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பின்னணியைத் தீர்மானித்துவிட்டுப் பிள்ளையைத் தேடுகிற படக்காரருக்கு எந்தப் பிள்ளையும் சரிதான், அதுதான் அந்தப் படத்தின் கோளாறு.

திருட்டுத்தனமாக எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெலன் லெவிட் நியூயார்க் தெருக்களில் 1930களிலும் 40களிலும் பிள்ளைகள் விளையாடுவதை எடுத்தார். உலகத்தில் குழந்தைகளை எடுத்த படங்களில் எனக்கு அவற்றுக்கு மேலே எதுவும் கிடையாது. அவர் லைகா கேமராவில் பக்கவாட்டில் பார்க்கிற ஒரு கண்ணாடியைப் பொருத்தியிருந்தார். பார்ப்பது ஒரு பக்கம், எடுப்பது மறுபக்கம். அன்றைக்கு அது செல்லும். படம் ஒரு புத்தகத்துக்கோ சுவருக்கோ போய்ச் சேர வருடங்களாகும். இன்றைக்கு நீங்கள் எடுத்த படம் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேருமுன்னே மூன்று வாட்ஸ்அப் குழுவில் சுற்றியிருக்கும். அதனால் எனக்கு லெவிட்டைப் பிடித்தாலும் அந்தக் கண்ணாடியை இங்கே யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அம்மாவிடம் கேளுங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள். ‘வேணாம்’ என்று தலையாட்டத் தெரிந்த வயதில் அந்தத் தலையாட்டலுக்கு மதிப்பு உண்டு.

‘நேஷனல் ஜியாகிரபிக்’ பத்திரிகையின் 1985 ஜூன் அட்டையில் வந்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1984இல் பாகிஸ்தான் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்தது. உலகம் முழுக்க அந்த முகம் தெரியும். 2002இல் தேடிக் கண்டுபிடிக்கப்படும்வரை அந்தப் பெண், ஷர்பத் குலா, அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. பதினேழு பதினெட்டு வருடம்! எனக்கு இதைவிட எரிச்சலூட்டுகிற செய்தி ஒளிப்பட வரலாற்றில் இல்லை. படம் எடுத்ததும் குனிந்து அந்தப் பிள்ளைக்குத் திரையைக் காட்டுங்கள். அது தன்னைப் பார்த்துச் சிரிக்கும், அல்லது ‘அய்யே, நல்லா இல்ல, அழிண்ணா’ என்று சொல்லும். சொன்னால் அழித்துவிடுங்கள். அடுத்த தடவை நீங்கள் வரும்போது அது உங்களைக் கண்டு ஒளியாது.

ஃபேஸ்புக்கில் போடுகிறவர்களுக்கு: பள்ளிச் சீருடை, பேட்ஜ், வீட்டு எண், தெருப் பலகை படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். குளிக்கிற படம் ஆல்பத்தோடு நிற்கட்டும். ஏதாவது வழக்கில் சிக்கிய, அல்லது கொடுமைக்கு ஆளான குழந்தையின் முகத்தை வெளியிடுவது குற்றம். 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதைத் தடுக்கின்றன. பத்திரிகைக்காரர்களுக்கு மட்டுந்தானே என்று நினைத்து ‘நியாயம் கிடைக்க ஷேர் செய்யுங்கள்’ என்று அனுப்பிவிடாதீர்கள்.

தலைப்புக்கு வெளியே ஒன்று, ஆனால் தாய்மார்கள் இருப்பதால் சொல்லாமல் போக மனமில்லை. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிவது சாதாரணம். ஒரு கண் சிவப்பாகவும் ஒரு கண் வெள்ளையாகவும் திரும்பத் திரும்ப விழுந்தால் அதைக் கேமராக் கோளாறு என்று விடக் கூடாது. கண்ணில் கட்டி முதலிய நோய்களுக்கு அது அறிகுறியாக இருக்கலாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இலிருந்து இருக்கிறது, பக்கந்தான். படத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கடைசியாக, பிரிண்ட் போடுங்கள். போன் தொலைந்தால் பிள்ளையின் மூன்று வருடம் தொலைகிற வீடுகள் இந்தத் தெருவிலேயே இருக்கின்றன. தெருப் பிள்ளைகளை எடுக்கிறவர்கள் அவர்கள் வீட்டுக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். எந்தக் காகிதம் நல்லது, என்ன அளவு, என்ன விலை என்றெல்லாம் கேட்க நினைப்பவர்கள், முன்வரிசையில் ஸ்டுடியோக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். மற்றக் கேள்விகளுக்கு நான் இருக்கிறேன்.